யார் ஜாடை

தெருவில் அவளுக்குக் கம்பவுண்டரம்மா என்று பெயர். பெயருக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மருந்துக் கடையில் நின்று, டாக்டர்கள் கிறுக்கியதைப் படித்து, அலமாரியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் கத்தரித்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. தெருவுக்கு அந்த விவரமெல்லாம் எதற்கு? பேருந்துக்கு நின்றால் யாராவது பக்கத்தில் வந்து நாக்கை நீட்டிக் காட்டுவார்கள். காய்கறி வாங்கப் போனால் கடைக்காரர் எடை போடுவதைப் பாதியில் விட்டுவிட்டு முழங்கால் வலியை ஆரம்பித்துவிடுவார். "டாக்டர்கிட்ட காட்டுங்கண்ணே" என்பதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் சொன்னால் கேட்கலாம் என்று அவர்களாகவே முடிவு கட்டியிருந்தார்கள்.

நர்ஸாக வேண்டும் என்ற ஆசை அவளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. கல்யாணம், வாடகை, கடை என்று அது பின்னால் போய்க்கொண்டே இருந்தது. அதைத் திரும்ப முன்னால் கொண்டுவந்து வைத்தவன் அவள் புருஷன். அவன் லிஃப்ட் மெக்கானிக். பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்ந்த நர்சிங் பள்ளியில் லிஃப்ட் பார்க்கப் போனவன், வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் பெண்களையும் அங்கே சேர்த்துக்கொள்கிறார்கள், வயதை ஒரு குறையாகப் பார்ப்பதில்லை என்று கேட்டுக்கொண்டு வந்தான். அவன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்குச் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டான்.

மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. "போம்மா, போய்ப் படி! வீட்டுக்குள்ளயே ஒரு நர்ஸ் இருந்தா, பிரஷர் பாக்கறேன்னு நான் எவன்கிட்டயும் போய்க் கைய நீட்டிட்டு உக்கார வேண்டாம் பாரு" என்றாள்.

அந்தப் பள்ளியில் இரண்டு படிப்புகள் இருந்தன. ஒன்று ஜெனரல் நர்சிங். முடித்தால் எந்த ஆஸ்பத்திரியிலும் எந்த வார்டிலும் நிற்கலாம். இன்னொன்று மகப்பேறு நர்சிங். அது பிரசவ வார்டுக்கு மட்டும். ஜெனரல்தான் என்று மூன்று பேரும் முடிவு செய்தார்கள். முடிவு செய்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது, இரண்டாவது படிப்பின் பெயரையே அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை. எடுக்காததற்குக் காரணம் இருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. மாதம் நிறைந்து, வலி வந்து, எல்லோரையும் போலத்தான் பெற்றாள். குழந்தை அழவில்லை. வயிற்றிலேயே போய்விட்டிருந்தது. பெரிய குரல் கொண்ட ஒரு சிஸ்டர் குழந்தையைத் துணியில் சுற்றினாள். இவள் தலையைத் தூக்கப் பார்த்தபோது தோளில் கை வைத்து அமுக்கி, "வேண்டாம்மா, பாக்காத. பாத்துட்டா மறக்க முடியாது" என்றாள். வாசலில் நின்ற மாமியாரும் அழுதுகொண்டே "ஆமா சிஸ்டர், காட்டாதீங்க, அது தாங்காது" என்றாள். குழந்தையைப் புருஷன் கையில் கொடுத்தார்கள். இவள் எழுந்து உட்காரும் முன்பே அவன் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்துவிட்டான்.

எல்லாம் அன்பில் செய்த காரியம். யாரையும் குறை சொல்ல இடமில்லை. பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று மட்டும் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பத்து மாதம் சுமந்தவளுக்குப் பார்க்கிற தெம்பு இருக்காது என்று எப்படித்தான் எல்லோரும் ஒரே நேரத்தில் கண்டுபிடித்தார்களோ!

அவள் அதைப் பற்றிப் புருஷனிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த வருஷம் அவன் பாதியாக இளைத்துப்போனான். கேட்டால் உடைந்துவிடுவான் என்று பயம். ஆனால் அவளுக்கு அதிலேயே ஒரு ஆறுதலும் இருந்தது. காலையில் அவன் கண்ணாடி முன் நின்று சவரம் செய்யும்போது அவள் சமையலறையிலிருந்து பார்ப்பாள். குழந்தையின் முகம் அவனுக்குள் இருக்கிறது, இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் ஆறட்டும், ஒரு நாள் உட்கார வைத்துக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொள்வாள். மூக்கு எப்படி, நெற்றி எப்படி, யார் ஜாடை. அந்த ஒரு நினைப்பில்தான் அவள் இத்தனை வருஷமும் கடைக்குப் போனாள், சிரித்தாள், அடுத்தவர் முழங்கால் வலியைக் கேட்டாள்.

சேர விரும்புகிறவர்கள் வந்து பார்க்கலாம் என்று பள்ளியில் ஒரு நாள் கதவைத் திறந்து விட்டார்கள். அவளும் போனாள். பயிற்சி அறையில் வரிசையாகக் கட்டில்கள், கட்டில்களில் ரப்பர் மனிதர்கள். எல்லோரும் தள்ளி நின்று பார்க்க, உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "கிட்ட வாங்கம்மா, இவங்க யாரும் கடிக்க மாட்டாங்க!" கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அதே குரல். முடி நரைத்து, கொஞ்சம் பெருத்து, அதே சிஸ்டர். மகப்பேறு படிப்புக்கு இப்போது அந்த அம்மாள்தான் தலைமை என்று பக்கத்திலிருந்தவள் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும், "நான் மகப்பேறு படிக்கப்போறேன் அத்தை" என்றாள்.

மாமியார் முகத்தில் ஈயாடவில்லை. "எதும்மா? அந்த வார்டுக்கா? தெனம் தெனம் அங்க போய் நிக்கப்போறியா? உனக்கென்ன பைத்தியமா? ஜெனரல் படிச்சா ஊரெல்லாம் வேலை!" என்றவள் மகன் பக்கம் திரும்பி, "டேய், நீ சொல்லேன்டா. வாயில என்ன வச்சிருக்க?" என்றாள்.

"அவ இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து குழாயைத் திருகிப் பார்க்கப் போனான். குழாய் நன்றாகத்தான் இருந்தது.

நேர்காணலுக்கு அவன் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தான். எந்தப் படிப்பு என்பதை உள்ளே போய் வாயால் சொல்ல வேண்டும், அதன் பிறகு மாற்ற முடியாது. நடையில் பெஞ்சு போட்டிருந்தார்கள். எதிரே அவன் பார்த்துக்கொள்ளும் லிஃப்ட். அது ஏறி இறங்கும்போதெல்லாம் அவன் காதைத் தீட்டிக் கேட்டான். "கதவு லேட்டா மூடுது" என்றான். வீட்டில் பெண்டாட்டி எதற்காக இப்படி அடம்பிடிக்கிறாள் என்பது மட்டும் அவனுக்கு விளங்கவில்லை, பாவம்.

அவளே சொன்னாள். "ஏங்க, உள்ள இருக்கறது அந்த சிஸ்டர்தான். பாப்பாவை எடுத்தவங்க. அவங்ககிட்ட போய்ச் சேந்தா ஒரு நாள் கேட்டுடலாம்னுதான் இதப் படிக்கறேன்னு சொன்னேன்."

"என்ன கேக்கப்போற?"

"பாப்பா எப்படி இருந்துச்சுன்னு. உங்ககிட்டயே கேட்டிருக்கலாம். உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் இத்தன நாள் வாயத் தொறக்கல. நீங்கதான பாத்தீங்க. நீங்களே சொல்லிட்டீங்கன்னா நான் பேசாம உள்ள போய் ஜெனரல்னு சொல்லிடறேன். அத்தைக்கும் நிம்மதி."

அவன் லிஃப்டையே பார்த்துக்கொண்டிருந்தான். தலை மட்டும் மெல்லக் குனிந்தது.

"நான் பாக்கலம்மா."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "என்ன பாக்கல?"

"மொகத்த. துணியச் சுத்தி முடிச்சுப் போட்டுக் குடுத்தாங்க. லிஃப்ட்ல நான் மட்டும்தான் இருந்தேன். பிரிச்சுப் பாத்துடலாம்னு முடிச்சுல கை வச்சேன். கதவு தொறந்துடுச்சு. ஆளுங்க ஏறிட்டாங்க. அதுக்கப்புறம் எனக்கு தைரியமே வரல. அப்படியே வச்சுட்டு வந்துட்டேன். நீ கேட்டுடுவியோ கேட்டுடுவியோன்னு தெனமும் பயந்துட்டே இருந்தேன்."

அவளுக்கு அவன்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாலு வருஷமாகப் பத்திரமாக இருக்கிறது என்று நம்பிய பெட்டி காலி. அவள் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் அந்த சிஸ்டர்.

"கடையில வேல பாத்திருக்கீங்க, மருந்து பேரெல்லாம் தெரியும். ஜெனரலுக்குத்தான் உங்களுக்கு நல்லா ஒத்துவரும். மகப்பேறுன்னு ஏன் வேணும்?" என்றாள் சிஸ்டர்.

வீட்டில் தயார் செய்து வைத்த பதில் ஒன்று இருந்தது. அது வாயில் வரவில்லை. "நாலு வருஷத்துக்கு முன்னாடி உங்க வார்டுலதான் எனக்குப் பொறந்துச்சு சிஸ்டர். பொண்ணு. அழல. நீங்கதான் எடுத்தீங்க. நீங்கதான் துணி சுத்தினீங்க. எனக்குக் காட்டல. எங்க வீட்டுக்காரரும் பாக்கலையாம், இப்பத்தான் சொன்னாரு. இந்த உலகத்துல நீங்க ஒருத்தங்கதான் பாத்திருக்கீங்க. எப்படி இருந்துச்சுன்னு சொல்றீங்களா?"

மற்ற இரண்டு பேரும் மேசையைப் பார்த்தார்கள். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினாள்.

"எந்தக் கட்டில்மா?"

"ஜன்னல் ஓரம். அன்னிக்கு நல்ல மழை. ரெண்டு தடவ கரண்ட் போச்சு."

சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டாள். வெகுநேரம் மூடியிருந்தாள். அந்த அம்மாள் உண்மையாகவே தேடுகிறாள் என்று இவளுக்குத் தெரிந்தது. கண் திறந்தபோது அது ஈரமாக இருந்தது.

"ஞாபகம் இல்லம்மா. அழகா இருந்துச்சு, உன்ன மாதிரியே இருந்துச்சுன்னு நான் சொல்லிடலாம். நீயும் நம்பிடுவ. என்கிட்ட படிக்க வர்றவகிட்ட பொய் சொல்லி ஆரம்பிக்க எனக்கு மனசு வரல. எத்தனையோ குழந்தைங்க. எனக்கு ஞாபகம் இல்ல."

அவள் தலையை ஆட்டினாள்.

"அப்ப அதுதான் வழக்கம். பாக்காம இருந்தா சீக்கிரம் மறந்துடுவாங்கன்னு நெனச்சோம்."

"மறக்கறதுக்காவது ஒரு மொகம் வேணும்ல சிஸ்டர்?"

பிறகு அவளே, "இப்பவும் காட்டாமதான் எடுத்துட்டுப் போறீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. பாக்கறியாம்மான்னு கேக்கணும்னு இப்ப சொல்லித் தர்றோம். ஆனா பாதி நேரம் வீட்டாளுங்க குறுக்க வந்துடுவாங்க. நர்சும் பயந்து விட்டுடுவா. பெத்தவ பக்கத்துல நின்னு பேசறதுக்கு ஆள் வேணும்." சிஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "நீ கேக்க வந்தது என்கிட்ட இல்ல. இனிமே உனக்கு இந்தப் படிப்பு எதுக்கு? யோசிச்சு சொல்லு. ஜெனரல்னு போடட்டுமா?"

"வேண்டாம் சிஸ்டர். மகப்பேறுன்னே போடுங்க."

இதை அவள் அழாமல் சொன்னாள். நாற்காலியைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு, மூவருக்கும் நன்றி சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

அவன் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றான். முகத்தை எங்கேயோ போய்க் கழுவிக்கொண்டு வந்திருந்தான், சட்டைக் காலர் நனைந்திருந்தது. சீட்டுக் கிடைத்ததா, எந்தப் படிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை.

"அவங்களுக்கு ஞாபகம் இருந்துச்சா?" என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். தினமும் பயந்துகொண்டே சவரம் செய்த முகம். லிஃப்டுக்குள் ஒரு முடிச்சில் கை வைத்து நின்ற ஆள். இனி வாழ்நாளெல்லாம் அந்தக் கதவு திறந்ததையே நினைத்துக்கொண்டிருக்கப்போகிறவன்.

"இருந்துச்சுங்க. நல்லாவே ஞாபகம் வச்சிருக்காங்க" என்றாள்.

"யாரு மாதிரியாம்?"

"உங்க ஜாடைதானாம். அப்படியே உங்க மூக்காம்."

"என் மூக்கா?" அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "பொம்பளப் புள்ளைக்கு என் மூக்கா? பாவம்டி அது." உள்ளங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்தான். "முடி?"

"நெறைய இருந்துச்சாம். கருகருன்னு."

"வலியில்லாம இருந்துச்சாமா? மொகம்?"

"தூங்கற மாதிரி இருந்துச்சாம்."

அவன் கேட்டுக்கொண்டே வந்தான், அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். விரல் எப்படி, காது எப்படி, பாதம் எவ்வளவு பெரிசு. படியிறங்கி, வாசலைத் தாண்டி, பேருந்து நிறுத்தம் வரைக்கும் சொன்னாள். அவன் ஒவ்வொன்றையும் நம்பி வாங்கி வைத்துக்கொண்டான். பேருந்து வருவதற்குள் அவனுக்கு ஒரு மகள் கிடைத்துவிட்டாள். பெற்றவளுக்குச் சொல்லத்தான் யாரும் இல்லை.