பட்டாசுச் சத்தமும் ஒரு ரேடியோ வளையமும்

போன ஞாயிற்றுக்கிழமை, உயிரோடு இருக்கிற ஒருவருக்குச் சாவு மாலை வாங்கிக்கொண்டு போனேன்.

நம் கேலக்ஸியின் மையத்தை ஆராய்கிறேன் என்று இந்தப் பக்கத்தில் அடிக்கடி பீற்றிக்கொள்கிறேன் அல்லவா... அங்கே, ரேடியோ டெலஸ்கோப் படத்தில் ஒரு வளையம். புதிதாகப் பிறந்த பெரிய நட்சத்திரங்கள் சுற்றியிருக்கும் வாயுவைச் சூடாக்கி ஊதித் தள்ளினால் இப்படி வளையம் வரும். பெரிய நட்சத்திரம் வெடித்துச் செத்தாலும் — கிட்டத்தட்ட அதே வளையம்தான்.

பிறப்பா, சாவா? 'பிறப்பு' என்று முடிவுகட்டி, ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமே எழுதிவிட்டேன். திங்கட்கிழமை வீடியோ காலில் கைடு மேடத்துக்கு ஆதாரம் காட்ட வேண்டும். தப்பென்றால் அத்தியாயம் குப்பைக்கு.

லீவுக்கு மரக்காணம் வந்தும் லேப்டாப்பை விடவில்லை. சர்ச்சில் பூசை முடிந்து வந்து அந்த வளையத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன். உப்பளத்துக்கு அந்தப் பக்கத் தெருவில் பட்டாசு. கூடவே மேளம்.

அம்மா எட்டிப் பார்த்தார். "அந்தோணி பெரியப்பா போயிட்டாரு போல. ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டினு வந்துட்டாங்கன்னு சொன்னாங்களே. நீ முன்னாடி மாலை வாங்கினு போ. நான் சோத்த வடிச்சிட்டு வர்றேன்."

"போன் போட்டுக் கேட்டுட்டுப் போலாமேம்மா?"

"செத்துட்டாரான்னு எவளாவது போன் போட்டுக் கேப்பாளாடி?"

நியாயம்தானே. போனேன். ஷாமியானா, பிளாஸ்டிக் சேர், வரிசையாக பைக். சந்தேகமே இல்லை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வாசலில் நின்ற அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன்: "எப்பக்கா எடுக்குறாங்க?"

"இன்னாத்த எடுக்குறது? பேரனுக்குக் காது குத்துடி. உள்ள போய் பிரியாணி சாப்புடு."

முதல் வரிசையில் அந்தோணி பெரியப்பா. இளைத்திருந்தார், ஆனால் கையில் லெக் பீஸ். மாலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எனக்காடி?"

மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"சும்மா போடு. அப்புறம் போட்டா நானா பாக்கப் போறேன்?"

போட்டேன். ஷாமியானாவே சிரித்தது. வாசல்வரை வந்த அம்மா, அப்படியே திரும்பி நடந்ததையும் பார்த்தேன்.

எங்கள் பக்கம் நல்லதுக்கும் பட்டாசு, கெட்டதுக்கும் பட்டாசு. இது தெரிந்தும் ஒரே ஒரு சத்தத்தை நம்பிப் போயிருக்கிறேன். அப்படியானால்... வளையம்?

வீட்டுக்கு ஓடினேன். அந்தத் திசை பூராவும் தூசு, குழப்பும் என்று ஒதுக்கி வைத்திருந்த அகச்சிவப்புப் படத்தை எடுத்து, ரேடியோ படத்தின்மேல் பொருத்தினேன். பிறப்பென்றால் சூடான தூசு அதில் பளிச்சென்று தெரிய வேண்டும். சாவென்றால் பெரும்பாலும் மங்கல்.

பாதி வளையம் பளிச். மீதிப் பாதி இருட்டு.

இது ஒரே வளையமா? முன்னும் பின்னுமாக இரண்டா? பிறக்கிற இடத்திலேயே ஒன்று வெடித்துவிட்டதா? காலையில் தப்பாகவாவது ஒன்று தெரிந்திருந்தது. இப்போது அதுவும் இல்லை.

திங்கட்கிழமை மேடம் கேட்டார். "பிறப்பா, சாவா?"

"தெரியல மேம்."

பாதி பளிச், பாதி இருட்டுப் படத்தைத் திரையில் காட்டினேன்.

"அந்த அத்தியாயத்தை எடுத்துடு. பார்த்ததை மட்டும் எழுதி அனுப்பு."

அழுதுவிட்டு எழுதினேன். முதல் வரி: 'இந்த வளையம் என்னவென்று எங்களுக்குத் தெரியவில்லை.'

நான் எழுதி, மேடம் ஒரு கமாகூடத் திருத்தாத முதல் வரி அதுதான்.