தகட்டின் மேல் புளி, எண்ணின் மேல் கிரீஸ்

அடியும் முடியும் காண்பதற்கரிய அண்ணலின் தாள் பணிந்து, விஜயதசமித் திருநாளாகிய இன்று, காலைப் பூசை முடித்த கையோடு இதை எழுதத் தொடங்குகிறேன்.

என் பூசையறையில் வில்வத் தட்டுக்கு அருகே, உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது. நான்கு மூலைகளிலும் ஆணித் துளைகள். ஒருகாலத்தில் அதில் எழுத்தும் எண்ணும் பொறித்திருந்தன. இப்போது தடவினால் விரலில் ஒன்றும் தட்டுப்படாது. அவற்றை அழித்தவன் நான். பகையால் அன்று, பக்தியால்.

உத்தமபாளையத்தில் நிலம் சமன்செய்து தரும் ஒரு கம்பெனியில் நெடுங்காலம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். அங்கே ஒரு பழைய புல்டோசர் இருந்தது. முதலாளி அதை எங்கோ ஏலத்தில் எடுத்தார் என்பதற்கு மேல் அதன் பூர்வோத்தரம் எவருக்கும் தெரியாது. அனுமந்தன்பட்டிப் பக்கத்து மேட்டுக்காடுகள் பல திராட்சைத் தோட்டங்களானது அந்த இரும்பினால்தான். அதை ஓட்டியவர் ராயப்பன்பட்டிக்காரர். ஞாயிறு பூசை தவறாத கிறிஸ்தவர். ஆபரேட்டர் என்றே அழைப்போம். "இது யுத்தத்துக்குன்னு செஞ்ச வண்டி" என்று அவர் சொல்லும்போதெல்லாம் பட்டறை சிரிக்கும். "ஆமாமா, நம்ம ஆபரேட்டர்தான் குறுக்க நின்டு பீரங்கிய மறிச்சாக" என்பார் மெக்கானிக். நானும் சிரித்திருக்கிறேன். அவரிடம் காட்ட ஆதாரம் ஏதுமில்லை. ஆதாரம் என் கையில் தேய்ந்துகொண்டிருந்தது.

ஆயுத பூசைதோறும், புல்டோசரின் முகப்பில் ஆணியடித்திருந்த அந்தத் தகட்டைப் புளியிட்டு விளக்குவது என் பணி. எண்களின் பள்ளத்தில் அழுக்கு நிற்பது பொறாமல் செங்கற்பொடியும் சேர்த்துக்கொள்வேன். "ஐயா, தொடைங்க, தேய்க்காதீக. அது பொறந்த வருசம் அதுலதான் இருக்கு" என்று ஒருமுறை ஆபரேட்டர் சொன்னார். வேற்றுச் சமயத்தவர் என் பூசையில் குறுக்கிடுவதாக எண்ணினேன் என்பதை இப்போது எழுதக் கூசுகிறது. மறு ஆண்டு இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

அதன்பின் அவர் தடுக்கவில்லை. நான் முன்புறம் சந்தனமும் குங்குமமும் இடுகையில், அவர் பின்புறம் சென்று குனிந்து, கியர் பெட்டியின் கீழ்ப்பகுதியில் ஒரு பிடி கிரீஸை அப்புவார். "மேல நீங்க வைங்க, கீழ நான் வைக்கிறேன். குனிஞ்சு பாருங்க ஐயா, விசயம் அங்கனதான் இருக்கு" என்பார். சலவை வேட்டியோடு நான் குனிவதாவது! கேலி என்றே கொண்டேன். பின்னாளில் ஆணி தளர்ந்து தகடு விழுந்தபோது, முதலாளி அதை என்னிடமே கொடுத்துவிட்டார்.

ஆபரேட்டர் மறைந்து பல ஆண்டுகள் ஆயின. சென்ற வாரம் அவருடைய மகள் வந்தார்; பள்ளி ஆசிரியை. முதலாளியின் மகன் புல்டோசரைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார் என்றும், பூசைக்கு மறுநாள் லாரி வரும் என்றும் சொன்னார். "வண்டி போனாப் போகட்டும் ஐயா. எங்கப்பா பொய் சொன்னாகளா இல்லையான்னு எனக்குத் தெரியணும். சாகுற மட்டும் அவுகளுக்குக் கப்சா ஆபரேட்டர்னுதான பேரு."

போர்க்கால இயந்திரங்களை ஆராயும் ஒருவரை அவர் நேற்று மதுரையிலிருந்து அழைத்துவந்தார். நான் தகட்டை நீட்டினேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "நல்லா வெளக்கியிருக்கீங்க" என்றார் அவர். பிறகு, தகட்டில் எண் இருந்திருந்தாலும் அது முழுச் சாட்சியாகாது, ஒரு வண்டியின் தகட்டை இன்னொன்றில் மாட்டலாம் என்று ஆறுதல் சொன்னார். பட்டறைக்குப் போய், புல்டோசரின் மஞ்சள் வண்ணத்தைச் சுரண்டினார். கீழே சாம்பல், அதற்கும் கீழே பட்டாளத்துப் பச்சை. அதுவும் போதாதாம், பச்சையை யாரும் எப்போதும் பூசலாம். இரும்பிலேயே அடித்த எண் வேண்டும். என்ஜினில் ஒன்று இருந்தது. அது மிகப் பிந்திய எண். என்ஜின் எப்போதோ மாற்றப்பட்டிருக்கிறது. அந்த அம்மாளின் முகம் வாடியது. "வேற எங்கயும் அடிச்சிருப்பாங்களா?" என்று கேட்டார். "பின்னால, கியர் பெட்டியில இருக்கணும். துரு தின்னாம இருந்தா" என்றார் ஆராய்ச்சியாளர்.

எனக்குக் கிரீஸ் நினைவுக்கு வந்தது.

எண்பதைக் கடந்த முழங்கால்களை மண்ணில் ஊன்றிக் குனிந்தேன். ஆண்டாண்டாய்க் கல்லாக இறுகியிருந்ததைப் பட்டி பூசும் தட்டைக் கத்தியால் பெயர்த்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். துருவின் நிழல்கூட விழாமல், நேற்று அடித்ததுபோல் நின்றது எண். ஆராய்ச்சியாளர் அதன் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்தார். கைப்பேசியில் வைத்திருந்த தொழிற்சாலைப் பட்டியலோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டார். "சண்டை நடந்துக்கிட்டு இருந்தப்ப செஞ்சது. பட்டாளத்துக்குன்னே போட்ட வரிசை" என்றார். எந்தப் போர்முனைக்குப் போனது என்பதை எண் சொல்லாது என்றும் சேர்த்துச் சொன்னார்.

அந்த அம்மாள் காகிதத்தை மடிக்காமல் வாங்கிக்கொண்டார். "சிரிச்சவுகள்ல நீங்க ஒருத்தர்தான் ஐயா மிச்சம் இருக்கீக. நீங்களே எழுதிக் குடுங்க" என்றார்.

அடிமுடி தேடிய கதையை நாளும் பாடி வருபவன் நான். மேலே பறந்தவன் பொய்ச் சாட்சியோடு திரும்பினான். மண்ணை அகழ்ந்து கீழே சென்றவனே உள்ளதைச் சொன்னான். மண்ணகழும் இயந்திரத்தின் எதிரிலேயே ஆண்டுதோறும் நின்று பாடியும் எனக்கு அது உறைக்கவில்லை.

ஆகவே எழுதுகிறேன்: ஆபரேட்டர் சொன்னது மெய். சற்றுமுன் லாரி எங்கள் தெரு முனையைக் கடந்து போயிற்று. இன்று காலை மற்றப் பூசைப் பாத்திரங்களைப் புளியிட்டு விளக்கினேன்; தகட்டை மட்டும் ஈரத்துணியால் துடைத்து வைத்தேன்.

இதைப் படிக்கும் அனைவரும், குனியச் சொல்லும் நண்பரைப் பெற்று, அவர் இருக்கும்போதே குனிந்து பார்க்கும் பேறும் பெற்று, நீடு வாழ்க.