வெங்காயத்தாள் சாட்டை

இஸ்ஃபஹானில் எங்கள் யூதத் தெருவில், தாவூஸ் செய்யும் ஹலேக்குக்கு ஈடு கிடையாது. பேரீச்சையும் வாதுமையும் திராட்சை ரசம் விட்டு இடித்த விழுது அது. எகிப்தில் எங்கள் முன்னோர் அடிமைகளாய்ச் செங்கலுக்குக் குழைத்த சேற்றுக்கு அடையாளம். அந்த அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதைக் கொண்டாடும் பஸ்கா விருந்தில் அது இல்லாமல் முடியாது.

தன் அண்ணி செத்த வருஷம் அண்ணன் ரஹமீம் வீட்டு அடுப்படிக்குள் போனவள் தாவூஸ். அவருடைய பிள்ளைகளை அவள்தான் ஆளாக்கினாள். அவளுடைய கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் ரஹமீம், பஸ்கா முடியட்டும் என்பார். எந்தப் பஸ்கா என்று மட்டும் சொல்லமாட்டார். இந்த வருஷம் ஹமதான் துணிக்கடைக்காரர் ஒருவர் அவளைப் பெண் கேட்டிருந்தார். இனியும் காத்திருக்க முடியாது, பண்டிகைக்குள் பதில் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். தாவூஸுக்கு அவரைப் பிடித்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரியான என்னிடம் அதைச் சொன்னபோது அவள் கழுத்துவரை சிவந்துபோனாள்.

விருந்துக்கு நாங்களும் போயிருந்தோம். ரஹமீம் தலையணையில் இடப்பக்கம் சாய்ந்திருந்தார். சுதந்திர மனிதர் சாய்ந்துதான் சாப்பிட வேண்டும் என்பது முறை. தாவூஸ் நின்றுகொண்டிருந்தாள். வேளை வருமுன்பே மனிதர் ஹலேக்கை விரலால் வழித்து நக்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்தக் கைப்பக்குவத்த ஹமதானுக்குத் தூக்கிக் குடுக்க எனக்கென்ன பைத்தியமா? முடியாதுன்னு நேத்தே சொல்லி அனுப்பிட்டேன்" என்றார், அவளைப் பாராட்டுகிற குரலில்.

அதற்குள் பிள்ளைகள் பஸ்காப் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பாட்டுக்கு ஆளுக்கொரு கட்டு வெங்காயத்தாள் எடுத்துப் பக்கத்திலிருப்பவரை விளையாட்டாக அடிப்பது எங்கள் வழக்கம். எகிப்தியரின் சாட்டை அது. தாவூஸும் ஒரு கட்டுத் தாள் எடுத்தாள். அண்ணன் தோளில் அடித்தாள். முதுகில், கழுத்தில், மறுபடி தோளில், பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். வெங்காய நெடி அறையெல்லாம் பரவியது.

ரஹமீம் வயிறு குலுங்கச் சிரித்தார். "விடுடி, எகிப்துக்காரன்கூட இப்படி அடிச்சிருக்க மாட்டான்."

பிள்ளைகள் இன்னும், இன்னும் என்று கை தட்டினார்கள்.

"அண்ணே, நான் விளையாடல" என்றாள் தாவூஸ்.

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. தாள் நார்நாராகக் கிழிந்து அவள் கையில் காம்புதான் மிஞ்சியது. பாட்டு முடிந்ததும் ரஹமீம் தலையணையைச் சரிசெய்துகொண்டு, அடுத்தது கசப்புக் கீரை, எடுத்து வா என்றார். விரிப்பில் சிதறிக் கிடந்த தாள்களைப் பொறுக்கவும் அவள்தான் குனிந்தாள்.