வெர்னெல் திறக்காத டிக்கி

அலபாமாவின் அந்தச் சிற்றூரில், எங்கள் கறுப்பர் சபையில் யார் இறந்தாலும், அடக்கம் முடிந்து வருகிறவர்களுக்கு வெர்னெல் டாலிவர்தான் சமைப்பாள். கல்லறையிலிருந்து வருகிறவர்கள் கை கழுவும்போது மேசையில் சாப்பாடு ஆவி பறக்க இருக்க வேண்டும். பதிமூன்று வருடத்தில் ஒருநாளும் அது தவறியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, இருக்கட்டுமே.

அவள் கணவன் க்ளீட்டஸ் தச்சன், பரம சாது. ஒருமுறை போலீஸ்காரர் வண்டியை மறித்து, "உள்ள கொஞ்சம் பாத்துக்கலாமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். "தாராளமா பாருங்க சார்" என்றுவிட்டான். எங்கள் ஜனங்கள் வழக்கமாகச் செய்கிற தப்பு அது. மாட்டேன் என்று சொல்லச் சட்டத்தில் இடமுண்டு; சொன்னால் மரியாதைக் குறைவாகிவிடுமாம்! இருக்கைக்கடியில் கிடந்த மரத்தூளைப் போதைப்பொருளோ என்று சந்தேகம் என்றார்கள். வழக்கு இல்லை, தண்டனை இல்லை. பறிமுதல் செய்த வண்டி மட்டும் திரும்பி வரவே இல்லை.

மூப்பர் ஹோசியாவின் அடக்கத்தன்று, சபைக்குப் போகிற வழியில் வெர்னெலின் காரை ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். பின்விளக்கு எரியவில்லையாம். எச்சரிக்கைச் சீட்டை எழுதி முடித்தவர் டிக்கியைத் தட்டினார்.

"தெறங்க, பாத்துடலாம்."

"மாட்டேன் சார்."

"மறைக்க ஒண்ணுமில்லன்னா தெறக்க வேண்டியதுதானே?"

"மறைக்கவும் ஒண்ணுமில்ல, தெறக்கவும் மாட்டேன். சீட்டுதான் எழுதியாச்சே, நான் போலாமா?"

"மோப்ப நாய் வரட்டும்."

நாய் வரவில்லை. டிக்கிக்குள் வறுத்த கோழியும் கீரையும் ஆறிக்கொண்டிருந்தன. ஒரு 'சரி' சொன்னால் போதும், நேரத்துக்குப் போய்விடலாம். வெர்னெலுக்கு அழுகை முட்டியது. அந்தச் 'சரி'யை மட்டும் சொல்லவில்லை.

கல்லறையிலிருந்து திரும்பிய இருபது கார்களும் வரிசையாக அங்கேயே நின்றன. கறுப்பு உடையில் எல்லோரும் இறங்கினார்கள். சிலர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். ஹோசியாவின் மனைவி ஒஃபீலியா முன்னால் வந்தாள்.

"என்னடி ஆச்சு?"

போலீஸ்காரர் முந்திக்கொண்டார். "இவங்க டிக்கியத் தெறந்து காட்டினா நீங்க எல்லாரும் சாப்பிடப் போகலாம்மா."

ஒஃபீலியா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. டிக்கியின் மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"தெறக்காதடி."

யாரும் நகரவில்லை. போலீஸ்காரர் செல்போன்களைப் பார்த்தார், வயர்லெஸ்ஸில் ஏதோ கேட்டார், கடைசியில் சீட்டை நீட்டிவிட்டு வண்டியேறினார். அவர் வண்டி வளைவில் மறைந்த பிறகே வெர்னெல் டிக்கியில் சாவியைத் திருப்பினாள்.

"எல்லாம் ஆறிப்போச்சுக்கா" என்றாள்.

"ஆறட்டும்டி. எடு, பசிக்குது."