கன்னி மூலை ஜன்னல்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொல்லிவைத்தவன் வீட்டில் ஒரு நோயாளியைப் படுக்கவைத்துவிட்டு வீடு கட்டியிருக்க மாட்டான். நான் கட்டினேன். அதுவும் காட்டோரத்தில், மேஸ்திரியிலிருந்து ஜல்லி லாரிக்காரன் வரை எல்லோரிடமும் தொண்டை வறளக் கத்தி.

என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் உலைப் பக்கம் நின்று வேலை பார்த்தவர். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருந்தது தொழிற்பேட்டையை ஒட்டிய லைன் வீட்டில். கொடியில் வெள்ளைத் துணி காயப்போட்டால் எடுக்கும்போது அது சாம்பல் நிறத்தில் இருக்கும். துணிக்கே அப்படி என்றால் நெஞ்சுக்கு? இருமல் வந்தது, நிற்கவில்லை. பஸ் படியில்கூட ஏற முடியாமல் போனபோது வேலையும் போயிற்று. திருவள்ளூரில் பார்த்த டாக்டர், மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் புகையும் தூசியும் இல்லாத இடத்துக்குப் போங்கள் என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

ஊத்துக்கோட்டை போகிற பக்கம், காப்புக்காட்டை ஒட்டி, அம்மா வழியில் எனக்கு வந்த துண்டு நிலம் கிடந்தது. யாரும் திரும்பிப் பார்க்காத நிலம். ஒரு பக்கம் முள்ளும் புதரும், மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் மரம். கம்பெனியில் கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தில் அங்கேயே கட்டுவது என்று தீர்மானித்தோம். அவர் மூச்சுவிட வேண்டும். அந்த வீட்டுக்கு அதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

மகள் வேலைக்குப் போகிறவள். அவரால் வர முடியாது. ஆகவே மேற்பார்வை என் தலையில் விழுந்தது. காலையில் அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு பஸ் ஏறுவேன். காட்டுப் பாதையில் சக்கரம் புதையும் என்று லாரிக்காரன் தார் ரோட்டிலேயே ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போவான்; சித்தாள்களோடு சேர்ந்து நானும் கூடை தூக்குவேன். குரங்குகள் தண்ணீர்க் குழாயைப் பிடுங்கிப் போடும். செங்கல் அடுக்கை ஒரு நாள் கலைத்தால் உள்ளே பாம்பு சுருண்டு கிடந்தது. சுவருக்குத் தண்ணீர் ஊற்றாமல் ஊற்றிவிட்டோம் என்பார்கள். கையை வைத்துப் பார்த்துவிட்டுத் திட்டுவேன். அந்தம்மா வாயில் விழாதீர்கள் என்று அவர்களுக்குள் பேச்சு இருந்தது. இருக்கட்டுமே. சாயங்காலம் வந்து எல்லாவற்றையும் அவரிடம் ஒப்பிப்பேன். கம்பி எந்தக் கம்பெனிச் சரக்கு என்று மட்டும் விடாமல் கேட்பார்.

கண் படாமல் இருக்க வீட்டு முகப்பில் வைக்கோல் பொம்மை கட்ட வேண்டும் என்று மேஸ்திரி பழைய சட்டை ஒன்று கேட்டான். அவருடைய கம்பெனிச் சட்டையைக் கொடுத்தேன். போனில் படம் எடுத்துவந்து காட்டியபோது சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க வெகு நேரம் பிடித்தது. நமக்கு முன்னால் இவன் குடிவந்துவிட்டான் பார் என்றார்.

மேஸ்திரிக்கும் எனக்கும் நடந்த பெரிய சண்டை ஜன்னலுக்காக. காடு இருப்பது தென்மேற்கில், காற்று வருவதும் அங்கிருந்துதான். வாஸ்துப்படி அது கன்னி மூலை, அடைத்துச் சுவர் எழுப்ப வேண்டும், திறப்பு வைத்தால் வீட்டு ஆம்பிளைக்கு ஆகாது என்றான். ஆம்பிளைக்கு ஏற்கெனவே ஆகாமல்தான் கிடக்கிறார், நீ ஜன்னலை வை என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வைத்தான். படுத்தபடியே மரம் தெரிய வேண்டும் என்று கட்டில் உயரத்துக்கு இறக்கி வைக்கச் சொன்னேன்.

ஆனி கடைசியில் வீடு முடிந்தது. ஆடியில் குடிபோகக் கூடாது. சரி என்று ஆவணியில் நாள் குறித்தோம். அதற்குள் அவருடைய சித்தப்பா காலமானார். பங்காளிச் சாவு, வருஷம் திரும்பாமல் பால் காய்ச்சக் கூடாது என்று அவர் அண்ணன் வந்து சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷம் திரும்புகிறவரை இவருடைய மூச்சு காத்திருக்குமா? பாலை அப்புறம் காய்ச்சிக்கொள்ளலாம், இப்போது சும்மா போய்ப் படுப்போம் என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். அண்ணன் பேச்சைத் தட்டாத தம்பி என்று குத்திக்காட்டிவிட்டு, சோறு போடுவதைத் தவிர அவரோடு பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டேன்.

ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு காலையில் அவராகவே, வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனேன். நனைந்த இலை வாசனை தூக்கியது. கேட்டுக்கு வெளியே மிச்சமான செங்கல் அடுக்கில் உட்கார்ந்து மரங்களையே பார்த்தார். மூச்சு கொஞ்சம் லேசானதுபோல்தான் இருந்தது. நான் ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"இன்னாயா, இங்க எந்தப் பங்காளி பாக்கப் போறான்? வா, ஜன்னலாண்ட செத்த நேரம் குந்து" என்றேன்.

"அண்ணனுக்காவ இல்ல, மே." மூச்சு வாங்கினார். "நான் தேற மாட்டேன், எனக்குத் தெரியும். புது ஊட்ல மொத சாவு என்னுதா இருந்தா, ராசி இல்லாத ஊடுன்னு பேரு வந்துரும். நாளைக்கு நம்ம பொண்ணு இதுல இருக்க வேணாமா? நான் அந்த லைன் ஊட்லயே போய்ச் சேந்துக்கிறேன்."

வாயைக் கழுவு என்று திட்டினேன். வேறென்ன சொல்வது? அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. இத்தனை நாளாய் இதை மனசுக்குள் வைத்துக்கொண்டா என்னிடம் கம்பியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்! பூட்டைப் பூட்டிவிட்டு வந்து ஆட்டோவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

தை பிறப்பதற்குள் போய்விட்டார். தூசி வராமல் இருக்க ஜன்னலைச் சாத்தி இடுக்கில் துணி திணித்திருந்த அந்த லைன் வீட்டு அறையில், மூச்சுக்கு அலைந்து அலைந்துதான் போனார். நல்ல சாவு, நிம்மதியாகப் போய்விட்டார் என்று வந்தவர்கள் சொன்னார்கள். அவர்களா பார்த்தார்கள்? நான் பார்த்தேன்.

பதினாறாம் நாள் காரியத்தில் பந்தி நடக்கும்போதே பேச்சு கிளம்பிவிட்டது. மேஸ்திரி யாரிடமோ சொல்லியிருக்கிறான். அவர் அண்ணன் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துக் கேட்டார்: "கன்னி மூலைல ஜன்னல வெச்சா ஊட்டு ஆம்பள தங்குவானா? காலெடுத்து வெக்கறதுக்கு முன்னயே காவு வாங்கிடுச்சு அந்த ஊடு."

அந்தப் பெயர் வரக் கூடாது என்றுதானே மனுஷன் படியேறாமல் செத்தான். ஊரையே வாயால் விரட்டியவள், அன்றைக்கு எழுந்து உள்ளே போய்விட்டேன். மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் அப்புறம் வரவில்லை. வித்துடும்மா, நான் அங்கே வர மாட்டேன் என்று மகள் சொல்லிவிட்டாள். கேள்விப்பட்டவன் எவனும் வாங்கவும் வரவில்லை.

போன வாரம் தனியாகப் போனேன். நாள் பார்க்கவில்லை, பால் காய்ச்சவில்லை. எனக்கு இனிமேல் என்ன நாள்? முகப்பில் பொம்மையின் வைக்கோல் மழையில் அழுகிச் சரிந்திருந்தது. சட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை, கம்பெனித் துணி கெட்டி. உள்ளே போய்க் கன்னி மூலை ஜன்னலைத் திறந்தேன். இறுகியிருந்தது, ஓங்கித் தள்ள வேண்டியிருந்தது. தரையில் படுத்துப் பார்த்தேன். மரமெல்லாம் தெரிந்தது. டாக்டர் சொன்ன மாதிரியே புகையில்லாமல், தூசியில்லாமல் காற்று அள்ளிக்கொண்டு வந்தது. நல்ல காற்று. எனக்கு எதற்கு?