பச்சை விளக்கை நம்பாத அருள்தாஸ் சார்

அருள்தாஸ் சார் இறந்துவிட்டார் என்ற செய்தி கீபோர்டு வகுப்பின் வாட்ஸப் குழுவில் வந்தது. பேத்தி ரோஸி வாசித்துக் காட்டினாள். செல்போனில் வருவதையெல்லாம் நான் நம்புகிறவள் இல்லை. எங்கள் சுரங்கக் குடியிருப்பின் அடுத்த பிளாக்கில் அவருடைய குவார்ட்டர்ஸ் வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்து அழுதேன்.

அவரிடம் பிள்ளைகளை அனுப்பிய நம் எல்லோருக்கும் தெரியும், சுரங்கத்தில் நிலக்கரியைக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டின் கன்ட்ரோல் ரூமில் அவருக்கு வேலை. ஷிஃப்ட் முடிந்த மாலைகளில் மாதா கோயில் கூடத்தில் கீபோர்டு சொல்லிக்கொடுப்பார். ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் ஒரு டேப்லெட். சரியான கட்டையை அழுத்தினால் அது சத்தத்தைக் கேட்டுப் பச்சை காட்டும், நட்சத்திரம் போடும். ரோஸிக்குத்தான் நட்சத்திரம் அதிகம். கிறிஸ்துமஸ் பூசையில் தனியாக வாசிக்க அவளைத் தேர்ந்தெடுத்தார். நான் பிளாக் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆனாலும் அந்தப் பச்சையின் மேல் எனக்கு ஒரு கண். ஒருநாள் பின்னால் உட்கார்ந்து விரல்களை மட்டும் பார்த்தேன். ரோஸியின் விரல் கட்டையில் படவே இல்லை. பச்சை எரிந்தது. பக்கத்துப் பிள்ளை வாசித்த சத்தம் அது.

சொன்னால் போவது என் பேத்தியின் இடம். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் முடியவில்லை.

"சார், பக்கத்துப் புள்ள வாசிக்கிறதக் கேட்டுகினு எங்க புள்ளைக்கு ஸ்டார் போடுதுங்க."

அங்கிருந்த ஓர் அம்மா சிரித்தாள். "மிஷின்லயே தப்பு கண்டுபுடிக்கிறியா ஆயா? பேசாம மைன்ஸ்ல பெர்மனென்ட் வேலைக்குச் சேர்ந்துடு."

சார் சிரிக்கவில்லை. "பெல்ட் ஓடுதுன்னு எங்க ரூம்லயும் பச்சை எரியும் ஆயா. பெல்ட்டுகிட்ட நிக்கிறவருக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுதான் நான் நம்புவேன். இங்க கேக்காம வுட்டுட்டேன்."

மற்றப் பிள்ளைகளைக் கட்டையிலிருந்து கையை எடுக்கச் சொல்லிவிட்டு ரோஸியை வாசிக்கச் சொன்னார். பாதியில் நின்றுவிட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அவர் அவளுடைய இடத்தைப் பறிக்கவில்லை. "தப்பு எம்மேல. இன்னும் மூணு வாரம் இருக்கு" என்றார். அன்றிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக வாசித்தார்கள். வாசிக்கிற பிள்ளைக்குப் பச்சை தெரியாதபடி டேப்லெட் அவர் பக்கம் திரும்பியிருந்தது. பூசையில் ரோஸி ஓரிடத்தில் தடுக்கினாள், ஆனால் நிறுத்தாமல் முடித்தாள். தடுக்கியது அவளுடைய சொந்த விரல் என்பதில் எனக்குப் பெருமை.

அதன் பிறகு வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, "இன்னிக்கு எதுல சந்தேகம் ஆயா?" என்று கேட்பார். கேலி இல்லை. நான் பதில் சொல்லும்வரை நிற்பார். ஐந்தாம் வகுப்போடு நின்றவளிடம் அப்படி யாரும் கேட்டதில்லை.

அந்த டேப்லெட்டுகளை வைத்துச் சொல்லிக்கொடுக்க வேறொருவர் வருகிறாராம். அவர் என்னைக் கேட்கப்போவதில்லை. கேட்காமலே சொல்லவும் எனக்கு இப்போது வாய் வந்திருக்கிறது. சார் எனக்கு விட்டுப்போனது அதுதான்.