பிரேக் அக்காவின் பிள்ளை வழக்கு

அந்தப் பகுதியில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் பிரேக் அக்காவிடம் திட்டு வாங்கியே ஓட்டக் கற்றவர்கள். மீதிப் பேர் அந்தத் திட்டுக்குப் பயந்து வேறு டிரைவிங் ஸ்கூலுக்கு ஓடியவர்கள்.

கற்றுக்கொடுக்கிற காரில் ஆசிரியரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். மற்ற ஆசிரியர்கள் அதை ஆபத்துக்காக வைத்திருந்தார்கள். அக்காவோ தன் அபிப்பிராயத்தைச் சொல்வதற்கு வைத்திருந்தாள். கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பினால் ஒரு மிதி. பார்த்துவிட்டுத் திரும்பினாலும், பார்த்த விதம் பிடிக்கவில்லை என்றால் இன்னொரு மிதி. மிதித்த கையோடு வாயும் திறக்கும்.

"பின்னாடி லாரிக்காரன் வர்றான். அவன் என்ன உனக்கு மாமனா மச்சானா, பொறுத்துப் போறதுக்கு?"

நாற்பதைத் தாண்டிய, ஒடிசலான பெண். குரல் மட்டும் இரண்டு ஆளுக்கானது. அந்தக் காரில் அழாமல் இறங்கியவர்கள் குறைவு.

அவள் கணவர் சோபா விற்கிற கடையில் விற்பனையாளர். சோபாக்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பஞ்சு வைத்துத் தைத்தது போன்ற குரல். விலை கேட்க வந்தவர்களை "முதல்ல உட்காருங்க" என்பார். எழுந்திருக்கும்போது சோபா அவர்களுடையதாகியிருக்கும். வீட்டிலும் அதே கொள்கைதான். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். அக்கா நின்றுகொண்டே பேசுவாள், அவர் உட்கார்ந்துகொண்டே கேட்பார், இரண்டு பேருக்கும் கழுத்து வலிக்கும். குடும்பம் என்று பல ஆண்டுகள் அப்படியே ஓடியது. கடைசியில் விவாகரத்து என்று முடிவானபோது, நெஞ்சு வெடிக்கும் என்று நினைத்த இருவருக்கும் கொஞ்சம் கழுத்து வலி குறைந்தது. அதை வெளியே சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

அக்கா வக்கீலம்மாவின் அறைக்குப் போனபோது ஒரு வாரமாகச் சேர்த்து வைத்த கண்ணீரோடு போனாள்.

"காரணம் எதுவும் வேணாம்மா" என்றார் வக்கீலம்மா. "சட்டம் மாறிடுச்சு. ஒத்து வரலைன்னு ரெண்டு பேரும் சேர்ந்து சொன்னாப் போதும்."

"அந்த மனுஷன் என்னென்ன பண்ணினார்னு சொல்ல வேணாமா?"

"வேணாம்."

"கொஞ்சமாவது?"

"யாரும் கேட்க மாட்டாங்க."

அவ்வளவு கண்ணீரும் வீண். அதே ஏமாற்றம் சோபாக்காரருக்கும் இருந்ததாகக் கேள்வி. அவருடைய காரில் மனைவி உட்காரும் பக்கத்து மிதியடியில் ஒரு ஓட்டை உண்டு. அவர் ஓட்டும்போதெல்லாம் அக்கா இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து உண்டாக்கிய ஓட்டை. அதை நீதிபதிக்குக் காட்டவென்று மிதியடியைக் கழற்றித் துடைத்துக்கூட வைத்திருந்தார், பாவம்.

"ஆனா குழந்தை விஷயம் வேற" என்று வக்கீலம்மா தொடர்ந்தார். "முன்னெல்லாம் இந்த வயசு வரைக்கும் அம்மா, அதுக்கு மேலே அப்பான்னு கோடு போட்டு வெச்சிருந்தாங்க. இப்போ அந்தக் கோடெல்லாம் கிடையாது. பிள்ளைக்கு எது நல்லதோ அதுதான். வீட்டுக்கே ஆள் வந்து பார்ப்பாங்க. பிள்ளையையும் கேட்பாங்க."

"அவளைக் கேட்பாங்களா? அவளுக்கு என்ன தெரியும்? தலை வாரவே தெரியாது."

"கத்துக் குடுத்தீங்களா?"

"எதுக்கு? நான்தான் வாரி விடுறேனே!"

மகளுக்குப் பதினொரு வயது. வீட்டில் பொடிசு என்று பெயர். அதிகம் பேசாத பிள்ளை என்று பள்ளியில் சொன்னார்கள். பேச வாய்ப்பு எங்கே? யார் எது கேட்டாலும் அவளுக்கு முன்னால் அவள் அம்மா பதில் சொல்லியிருப்பாள். அந்தப் பொடிசு கையை விட்டுப் போய்விடுமோ என்று நினைத்து நினைத்து அக்காவுக்கு ராத்தூக்கம் போனது. புருஷன் போனபோதுகூடப் போகாத தூக்கம்.

நீதிமன்றத்திலிருந்து ஆள் வரும் நாளில் வீடு பளபளத்தது. பொடிசு புதுச் சட்டையில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தது. அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்த அக்கா, வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் கியர்!

அக்காவின் மாணவிகளிலேயே மோசமான மாணவி. எத்தனை வகுப்பு ஆனாலும் முதல் கியரை விட்டு நகராததால் அக்காவே வைத்த பெயர். போன வகுப்பில்தான், "இந்த வேகத்துல போனா, நீ போய்ச் சேர்ற இடத்தை அதுக்குள்ள இடிச்சிருப்பாங்க" என்று சொல்லி அழ வைத்திருந்தாள். காரில் கோழிக்குஞ்சு போல நடுங்குகிறவள், இங்கே கழுத்தில் அடையாள அட்டையும் கையில் கோப்புமாக நிமிர்ந்து நின்றாள். குழந்தைநல அலுவலர்!

"நீ... நீங்களா?" என்றாள் அக்கா. மரியாதை தொண்டைக்குள் பாதி வழியில் திரும்பி வந்தது.

"நான்தான். தெரிஞ்சவங்க வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு விதி. அதனால மேலதிகாரிகிட்ட முன்னாடியே சொல்லிட்டேன். எவ்வளவு பழக்கம்னு கேட்டார். தினம் திட்டு வாங்குற பழக்கம்னு சொன்னேன். அப்போ சலுகை காட்ட மாட்டே, தாராளமா போன்னுட்டார்."

அக்கா வழிவிட்டு நின்றாள். இத்தனை நாளும் வாயிலிருந்து போன ஒவ்வொரு சொல்லும் திரும்பி வந்து வரவேற்பறையில் வரிசையாக உட்கார்ந்துகொண்டது.

அலுவலர் பொடிசிடம் கேட்டார்: "உனக்கு என்ன பிடிக்கும்?"

"படிப்புன்னா உயிர், மேடம்" என்றாள் அக்கா.

"காலையில யார் எழுப்புவாங்க?"

"வேற யாரு, நான்தான்."

"நான் பொண்ணைக் கேட்டேன்."

பொடிசு வாயைத் திறந்தது. மேசைக்கு அடியில் அக்காவின் வலது கால் தரையில் தடாரென்று இறங்கியது.

"அம்மா" என்றது பொடிசு, "கீழ் வீட்டு மாமா மறுபடியும் வந்து கத்தப் போறார்."

அலுவலர் எதையோ குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் பிள்ளையைத் தனியாக அலுவலகத்தில் பார்ப்பதாகச் சொல்லி எழுந்தார்.

நடுவில் ஒரு கார் வகுப்பு இருந்தது. அலுவலர் வேறு ஆசிரியரைத்தான் கேட்டார். ஆனால் அந்த ஸ்கூலின் இன்னொரு ஆசிரியர், ஒரு மாணவரின் புண்ணியத்தில் கால்கட்டோடு வீட்டில் படுத்திருந்தார். ஓட்டுநர் தேர்வோ நெருங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் இருவரும் ஒரே காரில் ஏறினார்கள்.

அன்று பிரேக் அக்கா தேனும் பாலுமாக ஓடினாள். கார் துள்ளிக்கொண்டு புறப்பட்டபோது, "அருமை மேடம்" என்றாள். எதிரே வந்த சைக்கிள்காரர் உயிருக்குப் பயந்து இறங்கி நின்றபோது, "அவருக்கு ஓட்டத் தெரியலை மேடம்" என்றாள். பல் டாக்டர் கிளினிக் இருக்கும் திருப்பத்தில் அலுவலர் கண்ணாடியையும் பார்க்காமல், சாலையையும் பார்க்காமல், கடவுளை மட்டும் நினைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பினார். அக்காவின் கால் பிரேக்கின் மேல் போனது. மிதித்தால் இவள் முகம் சுருங்கும், முகம் சுருங்கினால் அறிக்கை சுருங்கும், பொடிசு போய்விடும். கால் அந்தரத்தில் நின்றது.

"எவ்வளவு அழகா திருப்புறீங்க!" என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள் கிளினிக் வாசலில் இருந்த பூந்தொட்டிகள் ஒவ்வொன்றாகக் காருக்கு அடியில் போயின.

உள்ளேயிருந்து நர்ஸ் ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால், வாயில் பஞ்சோடு ஒரு நோயாளியும் வேடிக்கை பார்க்க வந்தார்.

"பிரேக் வேலை செய்யலையா?" என்றார் அலுவலர், வெளிறிப் போய்.

"செய்யுது மேடம்."

"பின்னே ஏன் போடலை?"

அக்கா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"இத்தனை நாளா உங்க காலை நம்பித்தான் நான் ஸ்டியரிங்கையே தொட்டேன். இன்னைக்கு நீங்க என்னைத் திட்டலை. அது எனக்குக் குடுத்த லஞ்சம். இதையும் எழுதத்தான் போறேன்."

எல்லாம் போயிற்று என்று தெரிந்ததும் அக்காவின் சொந்தக் குரல் அணை உடைத்தது. "எழுதும்மா, நல்லா எழுது! கண்ணைத் திறக்காம திருப்பினேன்னும் சேர்த்து எழுது! பல் டாக்டர் வாசலுக்கே பொக்கை வாய் ஆக்கிட்டு, என்னைக் கேள்வி கேட்கிறியா?"

அலுவலர் திகைத்துப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். வாயில் பஞ்சு இருந்தவரும் சிரித்தார், அவருக்கு வலித்தது.

மறுவாரம் பொடிசு அலுவலரைத் தனியாகப் பார்த்துவிட்டு வந்தது. அக்கா அடுப்படியில் கரண்டியோடு நின்றாள்.

"என்ன சொன்னே?"

"ஸ்கூல் இருக்கிற நாள்ல அப்பா வீட்டுல இருக்கேன், லீவு நாள்ல உன்கூட இருக்கேன்னு சொன்னேன்."

கரண்டி விழுந்தது. அடுப்பில் இருந்த குக்கர்கூட நேரம் பார்த்து ஒரு விசில் அடித்தது. அக்கா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். அன்று வக்கீலம்மாவின் அறையில் செலவாகாத கண்ணீரெல்லாம் இப்போது வட்டியோடு வந்தது.

"உன்னை வயித்துல சுமந்தவடி நான்!"

"அதுக்கப்புறம் நீ என்னைக் கீழே இறக்கியே விடலையேம்மா" என்றது பொடிசு. அதுவும் அழுதது. அழுதுகொண்டே பேசியது. பிறந்ததிலிருந்து அது சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியது அன்றுதான். "அப்பா வீட்டுலேர்ந்து ஸ்கூலுக்கு நடந்தே போகலாம். அவர் என்னைக் கவனிக்கவே மாட்டார்மா. சாப்பிட்டியான்னு ஒரு தடவை கேட்பார், அப்புறம் உட்கார்ந்துடுவார். போன தடவை அங்கே போனப்போ ஷூ லேஸை நானே கட்டினேன். அவிழ்ந்து தடுக்கி விழுந்தேன். மறுபடியும் கட்டினேன். நல்லா இருந்துச்சு."

"அடி பட்டுச்சா?" என்றாள் அக்கா பதறி.

"பட்டுச்சு. நல்லா இருந்துச்சுன்னு சொல்றேன்ல!"

அறிக்கையும் பிள்ளை கேட்டதையேதான் சொல்லப் போகிறது என்று தெரிந்தது. அக்கா வக்கீலம்மாவிடம் ஓடினாள். பூந்தொட்டிக் கதையைக் கேட்டதும் வக்கீலம்மாவின் முகம் மலர்ந்தது.

"இதைத்தான் முதல்லயே சொல்லியிருக்கணும்! எழுதினவங்களுக்கும் உங்களுக்கும் நடுவுல விபத்து, சண்டை. அந்த அறிக்கை செல்லாதுன்னு சொல்லலாம். புது ஆள் போட்டு, புது அறிக்கை வர்றதுக்கு எவ்வளவு நாள் ஆகுமோ! அதுவரைக்கும் பிள்ளை உங்ககிட்டதான்."

அக்கா வெற்றி வீராங்கனையாக வீடு திரும்பினாள். மறுநாள் காலையில் வழக்கம்போல் பொடிசின் முன்னால் குனிந்து ஷூ லேஸைக் கட்டினாள். பொடிசு எதிர்க்கவில்லை. காலை நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்த அக்காவுக்கு அந்த முகம் எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. எங்கே என்பது அன்று முழுக்க நினைவுக்கு வரவில்லை. மாலை வகுப்பில், திட்டு முடியட்டும் என்று சாலையை வெறித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியைத் திரும்பிப் பார்த்தபோது வந்தது. அதே முகம். அந்த முகக்காரர்களை அவளுக்குத் தெரியும். தேர்வில் தேறிவிடுவார்கள், லைசென்ஸும் வாங்குவார்கள். ஆனால் பக்கத்தில் ஆள் இல்லாமல் காரை எடுக்கவே மாட்டார்கள். ஆயுசுக்கும் பஸ்ஸில் போவார்கள்.

அன்று அந்த மாணவிக்குத் திட்டு பாதியிலேயே நின்றது. அவள் பயந்து, "அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

விசாரணை நாளில் சோபாக்காரர் நீதிமன்ற பெஞ்சில் உட்கார முடியாமல் நெளிந்தார். "இதுல உட்கார்ந்தா முதுகு என்னத்துக்கு ஆகும்?"

"இங்கேயும் வியாபாரத்தை ஆரம்பிக்காதீங்க" என்றாள் அக்கா. விவாகரத்துப் பேச்சு தொடங்கிய பிறகு அவர்கள் முகம் பார்த்துப் பேசிய முதல் பேச்சு அது.

நீதிபதி அறிக்கையைப் புரட்டினார். "தாய் தரப்பில் இதற்கு ஆட்சேபம் உண்டா?"

வக்கீலம்மா அக்காவை முழங்கையால் இடித்தார். அக்கா எழுந்தாள். மூலையில் அலுவலர் இருந்தார். சோபாக்காரர் பக்கத்தில் பொடிசு, மூச்சைப் பிடித்துக்கொண்டு. ஒரு வார்த்தை போதும். ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளை இன்றைக்கு அவளோடு வீட்டுக்கு வந்துவிடும்.

"ஐயா, இதை எழுதினவங்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது" என்றாள். குரல் உடைந்தது. "ஆனா எழுதினது சரி. பிள்ளை சொன்னபடியே விட்டுடுங்க."

வக்கீலம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பள்ளி நாட்களில் அப்பா வீடு, விடுமுறைகளில் அம்மா வீடு என்று உத்தரவானது.

ஜெயித்த சோபாக்காரருக்குத்தான் வேர்த்துக் கொட்டியது. "தினமுமா? தலை யார் வாரி விடுவா?" என்று தாழ்வாரத்தில் அக்காவிடமே கேட்டார்.

"நானே வாரிக்குவேன்" என்றது பொடிசு. ஓடி வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டது. அக்கா அதன் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வகிடு கோணலாக இருந்ததைச் சொல்லாமல் பல்லைக் கடித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை, பள்ளிக்குப் போகும் தெருவில் டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்று நடக்கிற வேகத்தில் ஊர்ந்தது. ஓட்டியவர் ஒரு மருந்துக்கடைக்காரர். நேராகப் போகக் கற்பதற்கு ஏன் இதே தெருவில் மூன்று முறை போகிறோம் என்பது அவருக்கு விளங்கவில்லை. முன்னால் ஒரு பெண் பிள்ளை, ஒரு பின்னல் மேலேயும் ஒரு பின்னல் கீழேயுமாக, பையை ஆட்டிக்கொண்டு போனது. திடீரென்று நின்று, திரும்பி, காரிடம் வந்து கண்ணாடியைத் தட்டியது.

"அம்மா, உத்தரவுல இது இல்லை."

"ரோடு எல்லாருக்கும் பொதுடி."

"சனிக்கிழமை வந்துடுவேன்ல? போ. என் ஃபிரெண்டு பார்க்கிறா."

அது சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடந்து போனது. கார் தெருமுனையில் திரும்பியது. மருந்துக்கடைக்காரர் பக்கத்தில் விசும்பல் கேட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டு, வாடிய குரலில் கேட்டார்:

"அக்கா, நான் அவ்வளவு மோசமாவா ஓட்டுறேன்?"

"ஆமா தம்பி" என்றாள் பிரேக் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "என் மூஞ்சியைப் பார்க்காதே. ரோட்டைப் பாரு."